தவிட்டுக்குருவிகளும் அம்மாவின் சிவப்புப் பட்டும்

எம்.எஸ்சி. ஆய்வுக்கு நான் தவிட்டுக்குருவிகளை எடுத்துக்கொண்டேன். தாம்பரத்தில் எங்கள் கல்லூரிக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டில் அவை கூட்டமாக இரை தேடும். ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் காக்கும். அவை மிரளாமல் இருக்க, தினமும் ஒரே சாயம்போன பழுப்புப் புடவையில் போவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு அதில் என்னைவிடப் பெருமை. அந்தப் புடவையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"காலேஜுக்குப் போற பொண்ணு கந்தலைக் கட்டிக்கினு போனா, தெருவுல இன்னாடி பேசுவாங்க?"

காரணத்தைச் சொன்னேன்.

"குருவி புடவையெல்லாம் பாக்குதா? நானே வந்து பாக்குறேன்."

வாத்தியார் யாராவது எதிர்ப்பட்டால் என் மரியாதை குறையக் கூடாது என்று, சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

புதரை நெருங்கியதும் காவல் குருவி கத்தியது. மொத்தக் கூட்டமும் பறந்துவிட்டது. அன்று திரும்பவே இல்லை. அவை இடம் மாறிவிட்டால் என் இத்தனை மாத உழைப்பும் வீண். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில், மாட்டுக்கொட்டகை வேலைக்குக் கட்டும் மங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா வாசலில் நின்றாள்.

"இதுக்கும் கத்துமா?"

புதருக்குப் பின்னால் ஆடாமல் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு குருவி கிளைக்கு வந்து எங்களை உற்றுப் பார்த்தது. கத்தவில்லை. மற்றவை ஒவ்வொன்றாய்த் தரையிறங்கிச் சருகைக் கிளறின.

அம்மா என் காதருகே குனிந்தாள். "அது மட்டும் பட்டினியா குந்திகினு கீதே, அத்த யாருடி மாத்தி வுடுவாங்க?"

"அதைத்தாம்மா படிக்கிறேன்" என்றேன்.