ஆத்தாளிடம் பூக் கேட்கப் போனோம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் மெஷின் சத்தம் நின்ற அன்று, என் காதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். அடுப்படியில் நின்றபடியே விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். பிறகுதான் வெளியே வந்தேன். தைக்கிற பெண்கள் எல்லோரும் மெஷினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பூர்க் கம்பெனியிலிருந்து பேசியிருக்கிறார்கள். வெளிநாட்டில் வரியை ஏற்றிவிட்டார்களாம், வாங்குகிறவர்கள் சரக்கு வேண்டாம் என்கிறார்களாம். இனி வெட்டின துணியை ஏற்றிக்கொண்டு காலையில் வண்டி வராது, பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கம்பெனி வெட்டி அனுப்பும் பனியன் துணியைத் தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. எந்த நாட்டுப் பிள்ளைகள் போடுகிறார்களோ, அந்தச் சின்னச் சின்னச் சட்டைகளுக்குக் கழுத்தும் கையும் வைத்தே எங்கள் மகளைக் கட்டிக் கொடுத்தோம், இந்த வீட்டுக்கும் மேலே தளம் போட்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு இனிச் சட்டை வேண்டாமா என்று நான் கேட்டேன்.

அதற்குப் பிறகு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி கொஞ்சம் வந்தது. அதில் பாதி மெஷின்தான் ஓடியது. மற்றவற்றைப் பழைய வேட்டி போட்டு மூடி வைத்தார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அந்த மனிதர் இப்போது போனை விட்டு நகரவில்லை. கழுத்தில் டை கட்டின யாரோ ஒருவர் அதில் பேசிக்கொண்டே இருப்பார். உலகம் முழுக்கச் சரியப் போகிறது, பேங்கை மூடப் போகிறார்கள், கையில் இருக்கும் நோட்டு வெறும் காகிதம் ஆகும் என்பார். இவரும் அதையே நாள் முழுக்க என்னிடம் திருப்பிச் சொல்வார், ஷெட்டை மூடிவிடலாம் என்பார். ஒரு நாள் கடைக்குப் போய் மூட்டையாகக் கல் உப்பு வாங்கி வந்தார். மறுநாள் தீப்பெட்டி. அதற்கு மறுநாள் பரணில் கிடந்த திரிகையை இறக்கிக் கழுவி வெயிலில் வைத்தார்.

"எதுக்குங்க இத்தன உப்பு?" என்று கேட்டேன்.

"உப்பு கெடாது அம்மணி. எல்லாம் உழுந்தாலும் உப்பு நிக்கும்."

"வெறும் உப்பத் தின்னுக்கிட்டா இருக்கப் போறோம்?"

"நீ சிரி. கரண்டு இல்லாம இந்தத் திரிகையில அரைக்கறப்பத் தெரியும்."

நான் சிரித்தேன்தான். ஆனால் அன்று விளக்கேற்றும்போது திரியைக் கொஞ்சம் குட்டையாகக் கிள்ளிப் போட்டேன், எண்ணெய் கம்மியாகச் செலவாகட்டும் என்று. கிள்ளிய பிறகுதான் நான் செய்ததே எனக்குத் தெரிந்தது. குலதெய்வம் ஆத்தாளுக்கு ஏற்றும் விளக்கில் போய் மிச்சம் பிடிக்கிறேனே என்று உடம்பெல்லாம் கூசியது. எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் நான். டாலர் என்றால் என்ன, அது ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் விரலுக்கு வந்துவிட்டது அந்தப் பயம்.

ஒரு நாள் அவர் கோயமுத்தூர் உக்கடம் போனார், பழைய மெஷின் வாங்குகிற கடைக்கு. திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உள்ள எடமில்லாம ரோட்டோரத்துல நிறுத்தி வெச்சுருக்கறான். எல்லாம் நம்ம மெஷினாட்டமே இருக்குது. ஒண்ணுல சாமி படங்கூட ஒட்டியிருந்துச்சு, பிக்காம அப்படியே."

கடைக்காரர் திங்கட்கிழமை லாரியோடு வருகிறாராம். எல்லா மெஷினையும் கொடுத்துவிட்டு ஷெட்டைப் பூட்டிவிடலாம் என்றார். அந்த ஷெட் இல்லாமல் இவர் எழுந்து எங்கே போய் நிற்பார் என்றுதான் தோன்றியது. வேறு எதைச் சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல், "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்க," என்றேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, வீடு எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் செய்வதில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சாமி காலடியில் வைத்து, பூசை முடிந்ததும் ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்: வெள்ளை வந்தால் இருக்கிற வேலையை வைத்து நடத்துவது, சிவப்பு வந்தால் திங்கட்கிழமை மெஷின்களைக் கொடுத்துவிடுவது. வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். உடனே சரி என்றார்.

துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஷெட்டில் நெடுநாளாக இருப்பவள் அவள். அவள் வருமானத்தில்தான் அவள் வீடு நடக்கிறது. ஒரு சூடக்கட்டியை என் கையில் வைத்தாள்.

"என்ற பேருலயும் பத்த வெச்சுருங்கக்கா. எந்தப் பூ வந்தாலும் செரிங்க. வந்து உள்ளதச் சொன்னீங்கன்னாப் போதும்."

அமாவாசை அன்று காலையில் கிளம்பினோம். நான் பொங்கல் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பூவை நானே கட்டுகிறேன் என்று அவர் பின்பக்கம் போனார். நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் எங்கள் கொல்லையிலேயே இருக்கின்றன. நான் கை கழுவப் போனபோது துவைக்கும் கல்லில் ஓர் அரளிப்பூ தனியாகக் கிடந்தது. கூடுதலாகப் பறித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சத்தியமங்கலத்தில் இறங்கி, மினி பஸ் மாறி, வாய்க்கால் கரையில் இருக்கும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்னக் கோயில்தான். ஆனால் அன்று நிற்க இடமில்லை. பெரிய கார்களும் நின்றன. எல்லார் கையிலும் பொட்டலம். பூசாரி எங்கள் பொட்டலங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கி ஆத்தாள் காலடியில் வைத்தார். சூடம் காட்டினார். முன்னால் நின்ற ஒரு சிறு பெண் குழந்தை எட்டி ஒன்றை எடுத்தது. பிரித்தார்.

வெள்ளை.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் விழுந்துவிட்டார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அழுகிறார். எனக்கும் கண்ணீர் கொட்டியது. ஆத்தாள் எங்களைக் கைவிடவில்லை என்று அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். பின்னால் கூட்டம் நெருக்கியதால் பூசாரி தேங்காய் மூடி, பழம், தட்டில் கிடந்தது எல்லாவற்றையும் அவசரமாக எங்கள் பையில் கொட்டிக் கொடுத்தார்.

சத்தி பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராகவே பசிக்கிறது என்றார். தேங்காய்ச் சில்லு எடுத்துக் கொடுத்தேன். பையின் அடியில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. திருநீறு என்று நினைத்துப் பிரித்தேன். எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பூசாரிகள் கொடுத்தனுப்புவதில்லை, மரத்தடியில் போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் தவறி வந்திருக்கிறது.

உள்ளே நந்தியாவட்டை. கொஞ்சம் வாடியிருந்தது.

தலையில் கை வைத்துப் பார்த்தேன். என் பூ தலையில்தான் இருந்தது. இது இன்னொன்று. அவர் தேங்காய் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"செவப்பு எங்கீங்க?"

"கட்டவே இல்ல."

"ரெண்டும் வெள்ளையா?"

அவர் எதிரில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார்.

"ஆத்தாகிட்டயே இப்படிப் பண்ணிப்போட்டீங்களே," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"செவப்பு வந்துருச்சுன்னா?" என்றார். "கடக்காரன் மூடுங்கலாம், போன்ல பேசறவன் மூடுங்கலாம். நானே ஆயிரந்தடவ சொல்லிப்போட்டேன். அவளும் மூடுன்னு சொல்லிப்போட்டா, அதுக்கப்பறம் நா யார்கிட்டப் போயி நிக்கறது?"

மூட வேண்டும் மூட வேண்டும் என்று நாள் முழுக்கச் சொன்னவர் இவர்தான். மூடக் கூடாது என்று குலதெய்வத்தையே ஏமாற்றத் துணிந்தவரும் இவர்தான். இத்தனை வருடம் இவர் தட்டில் சோறு போட்டவள் நான். உப்பு மூட்டையைப் பார்த்தேன், திரிகையைப் பார்த்தேன், சிரித்தேன். இந்த மனிதருக்குள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

கோபமும் வந்தது. ஓவர்லாக் பெண் கேட்டது ஒன்றே ஒன்று, உள்ளதைச் சொல்லுங்கள் என்று.

"எந்திரீங்க. போயி மன்னிப்புக் கேட்டுப்போட்டு வரலாம். இந்தப் பொய்ய வெச்சுக்கிட்டு நா ஊட்டுக்குள்ள காலு வெக்கமாட்டேன்."

திரும்ப மினி பஸ் ஏறினோம். கோயில் வெறிச்சென்று இருந்தது. பூசாரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஏனுங்க, எதையாவது வெச்சுட்டுப் போயிட்டீங்களா?" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் அந்தப் பொட்டலத்தை நீட்டி நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, மரத்தடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தார். அன்றைக்கு யாரும் எடுக்காமல் மிச்சம் விழுந்த பொட்டலங்கள். சாயங்காலம் வாய்க்காலில் விடுவாராம். ஒவ்வொன்றாகப் பிரித்து எங்கள் முன்னால் போட்டார். வெள்ளை. வெள்ளை. ஒரு சிவப்பு. மறுபடியும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

காலையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கும் வெள்ளைதான் வந்தது. வெள்ளை எடுத்தவர்களுக்கு மிச்சம் சிவப்புதானே இருக்க வேண்டும். நான் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்ச மாசமா இப்படித்தானுங்க அம்மணி," என்றார் பூசாரி. "தறிக்காரங்க வாராங்க, கோழிப் பண்ணக்காரங்க வாராங்க, புள்ளைக்கு நிச்சயம் பண்ணுனவங்க வாராங்க. நா யாரையும் பிரிச்சுக் காட்டச் சொல்றதில்லீங்க."

"அப்ப எல்லாருக்கும் வெள்ளதான் வந்துச்சுங்களா?" என்று இவர் கேட்டார்.

"வெள்ளைய வெச்சா வெள்ளதானுங்க வரும். கத்திரிக்காயா வரும்?"

காலையில் பார்த்த முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பட்டுச்சேலை கட்டியிருந்த அம்மா, காரில் வந்த பெரியவர், எல்லாரும் எவ்வளவு தைரியமாக நின்றார்கள். எங்களுக்கு மட்டும்தான் இந்த நிலைமை என்று நான் அவர்களுக்கு நடுவில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் வீட்டிலும் இப்படி யாரோ ஒருவர் விடியற்காலையில் வெள்ளைப் பூவை மட்டும் பறித்திருக்கிறார்.

"வேணும்னா இப்பக் கேளுங்க. செவப்பு அந்த அரளிச் செடியில இருக்குது," என்றார் பூசாரி.

இவர் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதன் பக்கம் போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சிவப்பு வந்தால் தாங்கும் தெம்பு அந்த நேரத்தில் எனக்கும் இல்லை.

"வேண்டாமுங்க. சும்மா கும்பிட்டுட்டுப் போறோம்," என்றார்.

பூசாரி நடையைத் திறந்தார். கூட்டமில்லாமல் ஆத்தாள் தனியாக இருந்தாள். ஓவர்லாக் பெண் கொடுத்த சூடம் காலையில் நெரிசலில் மறந்து என் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. அதை ஏற்றினேன். இவர் கை கூப்பி நின்று வாய்விட்டுச் சொன்னார்.

"பயமா இருக்குதாத்தா."

அவ்வளவுதான். வேறு எதையும் கேட்கவில்லை. உலகத்தைப் பற்றி, பேங்கைப் பற்றி, டாலரைப் பற்றி மாதக்கணக்கில் பேசியவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்கும் அதேதான் என்று அவர் பக்கத்தில் நின்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் ஷெட்டில் பெண்களை உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைக் கட்டினதையும் மறைக்கவில்லை. ஓவர்லாக் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப சாமி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொல்லுல அம்மணி. சீருடைத் துணி இருக்குது. அது தீர்ற வரைக்கும் தெச்சுக்குடுங்க. அப்பறம் எனக்குத் தெரியாது."

"எங்களுக்கு எப்பங்கண்ணா தெரிஞ்சிருக்குது?" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. வேட்டி போட்டு மூடியிருந்த மெஷின்களை மட்டும் கொடுத்தார். ஓடுகிறவற்றில் கை வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்றுவதற்கு முன் நான் ஒவ்வொன்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஒட்டியிருந்த சாமி படங்களைக் கிழியாமல் ஈரத்துணி வைத்து ஊற விட்டு எடுத்துக்கொண்டேன். லாரி திரும்பும்போது நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் நின்றார்.

இன்னும் திருப்பூர் வண்டி வரவில்லை. நாளைக்கு என்ன என்பது தெரியாது. கொல்லையில் நந்தியாவட்டை பறிக்கப் போனால் இப்போதும் என் கை ஒரு கணம் நின்றுதான் போகிறது. அந்தக் கூடை கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

போன வாரம் ஓவர்லாக் பெண் ஒரு பை மாங்காயோடு வந்தாள்.

"அண்ணா, உலகம் எப்ப முடியுதுன்னு தெரியுல. அந்த உப்புல ரெண்டு படி குடுத்தீங்கன்னா ஊறுகா போட்டுத் தாரேன்."

இவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்தார்.