மூன்றும் ஐந்தும் இல்லாத டச்சுக் கதிரைகள்

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் காரில் போய்ப் பழைய கதிரை வாங்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். நான் எழுபதுகளில் போய் வாங்கினவள். ரோட்டுப் பலகைகளில் மைலை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் போட்டிருந்த காலம். வண்டியின் மீட்டர் மட்டும் இன்னும் மைல் காட்டியது. அதனால் தூரம் பற்றி எங்களுக்குள் வழியெல்லாம் சண்டை.

போன காரணத்தைச் சொல்கிறேன். அப்போது சிட்னி வென்ட்வேர்த்வில்லில் வாடகை வீடு. நான், இவர், பிள்ளைகள் மூன்று. ஆடி மாதம் மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வரப்போகிறார். ஆறு பேர். வீட்டில் ஒரு கதிரை இல்லை. பால் போத்தல் அடுக்குகிற கம்பிப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே தலையணை போட்டுத்தான் இருந்தோம். அதற்கு முந்திய வருசம் இவருடைய தமக்கை மெல்பேர்னிலிருந்து வந்து அந்தப் பெட்டியின் மேல் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போய், "தம்பி வீட்டில பால் பெட்டியிலதான் இருத்தினவை" என்று அங்கே தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். எந்தக் குடும்பம் எனக்கு வந்து சொன்னது என்பதும் ஞாபகம் இருக்கிறது. எழுதவில்லை.

அந்தத் தமக்கை, என் மச்சாள்தான், போனில் சொன்னார். எதிர்வீட்டு டச்சு அம்மா மகள் வீட்டோடு போகிறாராம். தாயின் கலியாணத்துக்குச் செய்த கதிரைகளை விற்கிறாராம். எல்லாம் சேர்த்து நாற்பது டொலர். "நாலு கதிரை" என்றார். ஆறு வேண்டும், ஆனால் நாலு என்றாலும் கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டேன்.

ஜூன் மாத நீண்ட வார இறுதியில் போனோம். பிள்ளைகளை ஹோம்புஷில் தெரிந்தவர்களிடம் விட்டோம். சனி விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, கோல்பர்னுக்கு ஏழு மணி. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. குண்டகாய்க்குப் பத்து மணி. கட்டிக்கொண்டு போன இடியப்பமும் சம்பலும் அங்கே சாப்பிட்டோம். அல்பரிக்கு ஒரு மணி. டண்டினோங்கில் மச்சாள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மாலை ஆறு. மீட்டரில் 567 மைல். பெற்றோல் டாங்க் நிரப்ப ஒரு தடவைக்கு எட்டு டொலர் போனது. பெரும்பாலும் ஒற்றை ரோட்டு, லொறிக்குப் பின்னால் மாட்டினால் மாட்டினதுதான்.

ஞாயிறு காலை, மச்சாள் முதலே வாங்கித் தன் கராஜில் வைத்திருந்த கதிரைகளைப் பார்த்தேன். கறுத்த ஓக் மரம். ஒரு பூ வேலை, ஒரு வளைவு கிடையாது. நேரான கால், நேரான முதுகு, முதுகுக்குக் குறுக்கே மூன்று சட்டம். இருக்கை மட்டும் கோரை போன்ற ஒரு புல்லைக் கயிறாக முறுக்கி, நாலு மூலையிலிருந்தும் நடுவுக்கு வருமாறு பின்னியது. டச்சு அம்மா விற்கப்போகிறோமே என்று புதிதாகப் பின்னுவித்திருந்தாராம். இருந்து பார்த்தேன். கதிரை ஒரு சத்தம் போடவில்லை. அந்தக் காலத்தில் ஊரில் சிலர் வீட்டில் பார்த்த, சாய்ந்தால் எழும்ப முடியாத கதிரை மாதிரி இல்லை. முதுகை நிமிர்த்தி இருக்கச் சொல்லும் கதிரை. எனக்குப் பிடித்துவிட்டது.

பழைய சேலையால் சுற்றுவதற்கு ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். பின்பக்கச் சட்டத்தின் அடியில் உளியால் கொத்திய அடையாளம். ஒன்றில் ஒரு கோடு, மற்றதில் இரண்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீசு எழுத்துத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் இருந்தது இதே எழுத்துத்தான். மூன்றாவது கதிரையில் நாலு. நான்காவதில் ஆறு. நாலு கதிரைக்கு எவன் ஆறு என்று கொத்துவான்?

"இஞ்சாருங்கோ, மூண்டும் அஞ்சும் எங்கை?"

இவர் குனிந்து பார்த்தார். விளங்கிவிட்டது. "பேசாமல் கட்டும்" என்றார். "அக்கா ஸ்பொன்சர் கையெழுத்து வைச்சபடியாத்தான் நாங்கள் இந்த நாட்டில நிக்கிறம்."

கை கழுவ என்று உள்ளே போனேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், படுக்கை விரிப்பு மூடி இரண்டு உருவம். விரிப்புக்குக் கீழே எட்டுக் கால்.

மச்சாள் பின்னாலேயே வந்துவிட்டார். "அது அம்மாவுக்கு, ராணி. அவ என்னட்டையும் வருவாதானே."

"மற்றது?"

"முன்னால இருந்து கதைக்க எனக்கு ஒண்டு வேணும்."

"கேட்டிருந்தா தந்திருப்பன் மச்சாள்."

"உங்களுக்கென்ன, பால் பெட்டி பழகினதுதானே."

நான் வாயைத் திறக்கமுதல் வாசலில் மணி அடித்தது. டச்சு அம்மா. வெள்ளைத் தலை, கையில் ஒரு மெழுகு டப்பா. ஓக் மரத்துக்கு வருசம் ஒருதரம் பூச வேண்டுமாம். கராஜ் பக்கம் எட்டிப் பார்த்தார். இவர் ஏற்கெனவே தார்பாய் போட்டுக் கட்டிவிட்டார், எத்தனை என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, ஆறு விரலைக் காட்டிக் கேட்டார்: "ஓல் சிக்ஸ்? டுகெதர்?"

மச்சாள் முகத்தைப் பார்த்தேன். அந்த எதிர்வீட்டுக்காரியோடு நாலு வருசமாகக் கோப்பி குடித்த முகம். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், பிடித்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

"யேஸ்," என்றேன். "சிக்ஸ். டுகெதர்."

டச்சு அம்மா என் கன்னத்தில் முத்தம் தந்துவிட்டுப் போனார். மச்சாள் கையை எடுத்தார். ஒரு நன்றி சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை.

திங்கள் விடிய ஐந்துக்குத் திரும்ப வெளிக்கிட்டோம். இரண்டு கதிரை வண்டிக்குள், இரண்டு கூரையில். ஆறும் ஏறியிருக்கும். வழியெல்லாம் மனதுக்குள் ஏற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஹொல்புறூக்குக்குக் கிட்ட மழை. தார்பாய்க்குள் தண்ணீர் போய்க் கூரையில் இருந்த ஒன்றின் புல் நனைந்து, பிறகு வீட்டில் பூஞ்சணம் பிடித்தது. அது நாலாம் நம்பர்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பின்னிய இருக்கை உள்ள கதிரையைக் கூரையில் ஏற்றாதீர்கள். ஏற்றத்தான் வேண்டுமென்றால் இருக்கை கீழே பார்க்கக் கவிழ்த்து, முதலில் பிளாஸ்டிக், அதற்கு மேல் தார்பாய். நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் புல் வெடிக்கும். இப்போது ரோட்டு நல்லது, பத்து மணித்தியாலம் போதும். எல்லாவற்றுக்கும் முதல், கதிரையைக் கவிழ்த்து நம்பரைப் பாருங்கள். யார் வாங்கித் தந்தாலும் பாருங்கள்.

மாமியார் வந்தார். ஒன்றாம் நம்பர் அவருக்கு. பிள்ளைகளுக்கு மற்ற மூன்று. நானும் இவரும் பால் பெட்டி. மச்சாள் தாயைப் பார்க்க வந்தபோது அவரை நாலாம் நம்பரில் இருத்தினேன், பூஞ்சண மணத்தோடு. மாமியாருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சில் சளி. டிசம்பரில் நத்தாருக்கு மெல்பேர்னுக்கு மச்சாளிடம் கூட்டிப்போவதாக இருந்தது. அதற்கு முதலே ஊருக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு வரவே இல்லை.

மச்சாளுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. வருசம் ஒருதரம் போகிறேன். மூன்றாம் நம்பரில்தான் இருப்பேன். வேறு கதிரை தந்தால் நின்றுகொண்டே தேத்தண்ணீர் குடிப்பேன், அது அவருக்கும் தெரியும். எங்கள் நான்கின் புல்லும் குழி விழுந்து இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. தாய்க்கென்று அவர் எடுத்து வைத்த ஐந்தாம் நம்பரில் நான் அன்று பார்த்த அதே புல், ஒரு பள்ளம் இல்லாமல் இருக்கிறது. அதில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை.

"இதுகள் ரெண்டையும் நீ கொண்டு போவன் ராணி," என்று வெளிக்கிடும்போது ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

என்னைக் கூட்டிவரும் என் மகனுடைய வண்டி பெரியது. பின்னால் நாலு கதிரை ஏறும்.

"இடமில்லை மச்சாள்," என்று சொல்லிவிட்டு வருவேன்.