விளக்குப் போடாத வருஷம்

தீபாவளிக்குக் கலர் பல்பு கட்டுவது என்றால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது அந்த வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அதற்கு முன் அண்ணன் செய்துகொண்டிருந்தான். எழுபதுகளின் நடுவில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறிப் போய்விட்டான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அப்பா சொல்லியிருந்தார். அண்ணனும் ரோஷக்காரன். இரண்டு கடிதம் போட்டான், பிறகு அதுவும் இல்லை.

முதல் தீபாவளிக்கு அப்பா, "இந்த வருஷம் எதுக்கு ஜோடிப்பெல்லாம்" என்றார். அம்மா விடவில்லை. "தீபாவளி அன்னிக்கு வீடு மொட்டையா கிடந்தா எழவு விழுந்த வீடுன்னு நெனைப்பாங்க. என் புள்ள உயிரோட இருக்கான்" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. கோலம், விளக்கு, தோரணம் எதுவும் கிடையாது. தெருவில் போகிறவர்கள் வாசலைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

ஆகவே பன்னிரண்டு வருஷம் நான் முக்காலியில் ஏறினேன். ஜன்னலைச் சுற்றிப் பல்பு, நான்கு மூலைக்கும் முறுக்கிய வண்ணத்தாள், ஹாலின் குறுக்கே ரப்பியா கயிற்றில் வாழ்த்து அட்டைகள். ஒரு பல்பு எரியாவிட்டாலும் அம்மா விடமாட்டாள். "அவன் ரோட்டுமுனையில இறங்கும்போதே தெரியணும்லா" என்பாள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணனை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவன் செத்தே போயிருந்தால் இந்த வேலை மிச்சம் என்றுகூட ஒரு வருஷம் நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பதின்மூன்றாம் வருஷம், சிறுநீரகம் கெட்டு அம்மா போய்ச்சேர்ந்தாள். அந்தத் தீபாவளிக்கு முறைப்படி எதுவும் செய்யவில்லை. பல்புப் பெட்டி அலமாரி மேலேயே கிடந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் அக்கம்பக்கமெல்லாம் வெளிச்சமும் வெடிச்சத்தமுமாக இருக்க, முன்கதவைச் சாத்திவிட்டு நானும் அப்பாவும் பின்னறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஆன்டி வேலியோரம் வந்தார். செந்தூலிலிருந்து அந்த வருஷம்தான் குடிவந்தவர். எனக்கு ஓர் அண்ணன் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"நேத்து சாயங்காலம் உங்க வாசல் கேட் பக்கத்துல ஒருத்தர் நின்னாரும்மா. கையில ஒரு பேக்கு. ரொம்ப நேரம் வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என்கிட்ட வந்து, இந்த வீட்டுல யாரு தவறிட்டாங்கன்னு கேட்டாரு. அந்த வீட்டம்மான்னு சொன்னேன்."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"உங்கப்பா ஜாடைதான். யாரோ சொந்தக்காரர்னு நெனச்சேன். ரோட்டோரக் கட்டையில கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் டாக்ஸி புடிச்சுப் போயிட்டாரு."

"ஏன் ஆன்டி எங்களக் கூப்பிடல? உள்ளதானே இருந்தோம்" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "துக்க வீடும்மா. தீபாவளி அன்னிக்கு நான் எப்படி வந்து கதவத் தட்டுறது" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் தட்டியிருக்கமாட்டேன்.

திரும்பினால், அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அத்தனை வருஷமும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், ஆன்டி பக்கம் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"ஆள் மெலிஞ்சிருந்தானான்னு கேளு."