கதவைத் திறந்தவர்

ஓட்டுநர் பாயின் வலது உள்ளங்கையில் ரேகைகளே இல்லை. எரிகிற வேனின் கதவை அந்தக் கையால்தான் இழுத்துத் திறந்தார். ஒரகடம் சாலையில் எங்கள் கம்பெனியின் ஷிப்ட் வேன் மீது லாரி மோதித் தீப்பிடித்த அன்று, அவர் வெளியே இழுத்துப்போட்ட பெண்களில் நானும் ஒருத்தி. என் அறைத்தோழியைக் கடைசியாகத் தூக்கி வந்தார். அவள் உடம்பில் உயிர் இல்லை. இன்னும் மூன்று பேரை எடுக்கவே முடியவில்லை.

விபத்து நடந்த இடத்தில் நால்வர் பெயரையும் பொறித்து ஒரு கல் நட்டோம். மாதந்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். பாய் வந்து ஓரமாக நிற்பார். சில ஆண்டுகள் கழித்து, அவரும் இங்கே வேலைக்கு வந்த சில முஸ்லிம் குடும்பங்களும் கல்லுக்குப் பின்னாலிருந்த மனையைப் பள்ளிவாசலுக்காக வாங்கி, தகரக் கொட்டகை போட்டுத் தொழுதார்கள். "நம்ம பொண்ணுங்க செத்த எடத்துல மசூதியா?" என்று பேச்சு கிளம்பியது. எங்கிருந்தோ வந்தவர்கள் என் தோழியின் படத்தைப் பெரிதாக அச்சடித்து பேனர் கட்டினார்கள். அவளுடைய அப்பா, பள்ளிவாசல் கூடாதென்று எழுதிய ஒரு மனுவோடு என் அறைக்கு வந்தார். "அவளுக்காவ ஒரு கையெழுத்தும்மா" என்று அழுதார். படிக்காமல் போட்டேன். நகலைப் பிறகுதான் படித்தேன். கதவைத் திறக்காமல் ஓட்டுநர் தப்பி ஓடியதாக அதில் ஒரு வரி இருந்தது. போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுவாரம் முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. பேனர் கட்டியவர்கள் பாயின் தலையை நினைவுக்கல்லில் மோதினார்கள். நெற்றி பிளந்து அந்தப் பெயர்களின் மேல் ரத்தம் வழிந்தது. தோழியின் அப்பா இரும்புக் குழாயோடு நெருங்கினார்.

"அப்பா, ஒங்க மவளத் தூக்கிட்டு வந்தது அவருதான்! அந்தத் தாள்ல இருக்கது பொய்!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்போ நீ ஏன் கையெழுத்து போட்ட?" என்றார். குழாயைப் பாயின் கைமேல் ஓங்கி இறக்கினார். பாயின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி ஓங்கியபோது நான் குறுக்கே விழுந்தேன். அந்த அடி என் தோளில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பாயின் மனைவி வாசலிலேயே என்னை மறித்தார். "இன்னா வோணும் ஒனக்கு?"

"வுடு, வரட்டும்" என்றார் பாய். பிறகு என்னிடம், "அந்த மனுவுல உன் பேரப் பாத்தேம்மா. வேற எவளோன்னு நெனச்சிக்கினேன்."

"நான்தான் பாய்" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அந்த மனையைச் சுற்றி வேலி, வாசலில் போலீஸ் பூட்டு. பாயால் வண்டி ஓட்ட முடிவதில்லை. தோழியின் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் மனுவைக் காட்டி, "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார். என்னுடையது என்றேன்; படிக்காமல் போட்டதையும், படித்தபின் வாய்மூடி இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அன்று நீதிமன்ற வாசலில் ஷேர் ஆட்டோ நிரம்பியிருந்தது. உள்ளே பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். அடுத்ததில் போகலாமென்று நான் ஒதுங்கினேன். பாய் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்து உட்கார்ந்தார். நான் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்ததும் ஆட்டோ ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பியது.