தலையாட்டியின் பேரப்பிள்ளை

மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் யார் என்பதை என்னைக் கேட்காமலே என் கணவர் தீர்மானித்துவிட்டார். மேல்வீட்டு வன்னி அக்கா.

"வேறை ஆரைக் கேக்கிறது?" என்றார். "பிள்ளை உம்மட்டை இருக்கிறதை விட அவவிட்டைத்தானே கூட நேரம் இருக்குது."

அது உண்மைதான். இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா பகுதியில் எங்கள் கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அக்கா நான்காம் மாடி. காலையில் நான் ஒரு சிஞோராவின், இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது அக்கா பிள்ளையைப் பார்ப்பார். நான் திரும்பியதும் அவர் நகரின் மறுகோடியில், பிரான்காச்சோவில் ஒரு பட்டறையைத் துப்புரவாக்கப் போவார். எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வார். "மூச்சு விடுதோ எண்டு மூக்குக்குக் கீழை விரலை வைக்கிறீர். அதிலைதான் பிள்ளை முழிக்குது. விசர் வேலை." நானும் சிரிப்பேன். அடுத்த நாளும் விரல் வைப்பேன்.

ஆனால் அவரை ஞானத்தாய் ஆக்குவதற்கு முன் அவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. என் அப்பா கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை செய்தவர் என்று என் கணவர் பலெர்மோவில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். நான் அதை மறுக்கவில்லை. அப்பா இலங்கை இராணுவத்தோடு, ஆமியோடு நின்ற ஒரு தமிழ்க் குழுவில் இருந்தவர்.

அவர் வீட்டை விட்டுப் போனது ஆமியை எதிர்க்கத்தான். அந்தக் காலத்தில் பல இயக்கங்கள் இருந்தன. பெரிய இயக்கம் மற்றவற்றைத் தடை செய்தபோது அப்பாவின் அண்ணனைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். உயிர் தப்பியவர்கள் எந்த ஆமியை எதிர்க்கப் போனார்களோ அதே ஆமியிடம் போய் ஒதுங்கினார்கள். ஆமி வீடும் அரிசியும் சம்பளமும் துவக்கும் கொடுத்தது. பதிலுக்கு முகங்களைக் கேட்டது. சுற்றிவளைப்பு நடந்தால் சனங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை வெட்டிய சாக்கைத் தலையில் போட்டபடி ஒருவர் கதிரையில் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் எதிரே நிற்கும் ஆள் ட்ரக்கில் ஏற வேண்டும். அப்படி இருந்தவரைத் தலையாட்டி என்பார்கள். சாக்குக்குள் எந்த நாளில் யார் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்த முகாமிலிருந்து வந்தவர் என்று மட்டும் எங்கள் வவுனியாவில் எல்லாருக்கும் தெரியும். அது அப்பாவின் முகாம்.

எனக்கு இதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் போன முகாம் வான் சோதனைச்சாவடியில் நிற்காது. என் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸால் இறங்கி, புத்தகப் பையைத் திறந்து பிடித்தபடி வெயிலில் நிற்பார்கள். வான் அவர்களைக் கடந்து போகும். நான் மடியில் கிடக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வகுப்பில் யாரும் என்னோடு சண்டை பிடித்ததில்லை. என்னோடு சண்டை பிடிக்க அவர்களுக்குப் பயம் என்பது பிறகுதான் விளங்கியது.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். பெரிய இயக்கம் அவனைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதம் வைத்திருந்தது. சண்டை முடிந்து எல்லாரையும் வவுனியாவில் கம்பி வேலிக்குள் அடைத்தபோது ஆமியோடு தமிழ் கதைக்கிற ஆட்கள் வந்தார்கள். அப்போது சாக்குக்கூடத் தேவைப்படவில்லை. கூடாரம் கூடாரமாகப் பார்த்துக்கொண்டு போய் அவனைக் காட்டினார்கள். பஸ்ஸில் ஏற்றியதை அக்கா கண்டார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய படம் அக்காவின் கைப்பையில், இத்தாலிய வதிவிட அனுமதி அட்டையான பெர்மெஸோவோடு சேர்ந்து இருக்கும். ஒருமுறை எனக்குக் காட்டினார். "கண் உங்களை மாதிரியே இருக்கு" என்று சொல்லி உடனே திருப்பிக் கொடுத்தேன்.

பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் பங்குக் கோயிலில் நடந்த வகுப்பு முடிந்து, பஸ்ஸில் வரும்போது அக்காவே தொடக்கினார். "அப்பா வரமாட்டாரோ? கச்சேரியிலை இருந்தவர் எண்டா விசா குடுப்பினம்தானே."

அந்த இடத்தில் சொன்னேன். முன் இருக்கையில் தமிழர் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

எங்கள் தரிப்பில் இறங்கினோம். அக்கா நடைபாதையில் நின்று, "எந்த முகாம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஞானத்தாயாய் நிக்க உங்களுக்கு விருப்பமில்லையெண்டா..."

"பிள்ளைக்கும் இதுக்கும் என்ன? சட்டையும் வாங்கிப்போட்டன். கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்." பிறகு குரல் மாறியது. "நீர் அவரைக் கேளும். என்ரை தம்பியைத் தெரியுமோ எண்டு கேளும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

என் வயதுக்கு நான் அப்பாவிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கணவரிடம் சொன்னபோது, "தேவையில்லாத வேலை, நீர் யோசிச்சு யோசிச்சு எல்லாத்தையும் கிளறுறீர்" என்றார். கேட்காவிட்டால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது? கேட்டு, அவர் ஓம் என்றால் எப்படி முழிப்பது? இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தேன். தம்பியின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொல்வதற்குள் அப்பா, "எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார். "குழந்தை சாப்பிடுதோ?"

எனக்கு வந்தது ஆறுதல். அதை நினைக்க இன்றும் கூசுகிறது. படியேறிப் போய் அக்காவிடம், "அவருக்குத் தெரியாதாம்" என்றேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பேர் ஆருக்கு ஞாபகம் இருக்கும்? அவை பாத்தது முகத்தைத்தானே."

ஞானஸ்நானத்தன்று அக்கா புடவை கட்டி, பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார். குருவானவர் தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை அழவில்லை. அக்காவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தாள். எங்கள் ஆட்களின் வழக்கப்படி ஒருவர் தொடக்கத்திலிருந்தே போனை உயர்த்திப் பிடித்து வீடியோ கோலில் ஊருக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் போன் கைமாறத் தொடங்கியது. மண்டபத்தில் ரோல்ஸும் கட்லட்டும் பரிமாற, ஒவ்வொருவரும் என் பெற்றோருக்குக் கையசைத்தார்கள். "அம்மப்பாக்குக் காட்டுங்கோ, அம்மப்பாக்குக் காட்டுங்கோ" என்று யாரோ பிள்ளையின் முகத்தருகே போனைக் கொண்டுபோனார்கள். பிள்ளை அக்காவின் கையில் இருந்தாள். அக்கா போனை வாங்கினார்.

"வணக்கம் ஐயா. நான்தான் ஞானத்தாய்."

"சந்தோசம், தங்கச்சி" என்றார் அப்பா. ஷர்ட் போட்டு, தலை வாரி இழுத்து, சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் போனுக்கு நேரே பிடித்தார். "இவரைத் தெரியுமோ ஐயா?"

அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. தலை மட்டும் ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. பிறகு திரையில் எங்கள் வீட்டு விட்டமும் மின்விசிறியும்தான் தெரிந்தன. போனைக் கவிழ்க்காமல், மல்லாத்தி வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்க வேண்டும்.

நான் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தேன். வேறு யாராவது கண்டார்களா என்று. அக்காவை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

"கண்டனீர்தானே?" என்றார்.

"ஓம்."

அவர் படத்தைப் பைக்குள் வைத்தார். கேக் வெட்டும்வரை நின்றார். படத்துக்கு நிற்கக் கூப்பிட்டபோது வந்து நின்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பாவுக்குத் தலையிடி என்றார் அம்மா. "பழசுகளை ஏன் பிள்ளை கிண்டுறாய், அவருக்குப் பிரஷர் எண்டு தெரியும்தானே" என்றார். நல்ல மகளாக, "சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா வரமாட்டார் என்று நினைத்து, சிஞோராவுக்கு என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது. அக்கா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார். அழுதிருந்தார். பிள்ளையின் கழுத்தை முகர்ந்துவிட்டு என்னைப் பாராமல் சொன்னார்:

"பஸ்ஸிலை போகேக்கை கொப்பருக்கு எடு. தம்பியை ஏத்தின அந்த பஸ் எங்கை போனது எண்டு கேள். எனக்குச் சொல்லமாட்டார். உனக்குச் சொல்லித்தான் ஆகவேணும்."

பஸ்ஸில் எடுத்தேன். அம்மாதான் எடுத்தார். அப்பா படுத்திருக்கிறார் என்றார். எழுப்புங்கள் என்றேன். ஏலாது என்றார். அவர் எழும்பும்வரை நான் வைக்கமாட்டேன் என்றேன். சிஞோராவின் தெரு வந்தது. இறங்கவில்லை. போன் காதில் இருந்தது. அடுத்த தரிப்பிலும் இறங்கவில்லை. கடைசியில் கட்டில் சத்தம் கேட்டது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"படம் காட்டின அந்தப் பிள்ளை உம்மடை பிள்ளையை வைச்சிருக்குதோ இப்ப?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா," என்றேன். "சொல்லுங்கோ."