கல்லில் ஒரு வரி

1. வருமான வரி கட்ட மனமில்லாமல் எங்கள் தொழிற்சாலை முதலாளி வெளிநாட்டில் குடியேறினார்.
2. அங்கிருந்து திருவொற்றியூரில் ஆஸ்பத்திரி கட்டப் பணம் அனுப்பினார்.
3. திறப்புவிழாக் கல்லுக்கு, அவர் பெயரின் கீழே ‘நாட்டை வாழவைக்கும் வள்ளல்’ என்று வரைபடப் பிரிவிலிருந்த நான் எழுத்து வரைந்தேன்.

கல்வெட்ட வந்தவருக்குப் புருவமெல்லாம் கல்தூசு. எதையும் உரக்கப் படித்த பிறகே உளியை எடுப்பார். அன்று படித்துவிட்டுச் சிரித்தார்.

“வரியே கட்டாதவருக்கு இம்மாம் பெரிய வரியா? பேரு மட்டும் வெட்றேம்மா.”

“ஆஸ்பத்திரியால் ஜனங்களுக்கு நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா இது அவரா குட்த்தாதான் உண்டு. வரின்னா நாம கேட்டு வாங்கலாம்.”

“மேனேஜர் வேறு ஆளைக் கூப்பிடுவார்.”

“கூப்புடட்டும்.” உளிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த வரியை நீக்கிப் புதிதாக வரைந்து மேனேஜரிடம் கொடுத்தேன். திருப்பி அனுப்பினார். அதையே மீண்டும் கொடுத்தேன். ஆஸ்பத்திரி திறந்தாகிவிட்டது, கல் இன்னும் வெட்டப்படவில்லை.