பெண்ணையாற்றுக் கெண்டை

மீனைப் பார்த்ததுமே எந்த ஆற்று மீன் என்று சொல்லிவிடுவேன். சும்மா சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் கிடக்கும் மீன்தான்.

விழுப்புரத்தில் நான் ஏறிய பஸ் கூட்டேரிப்பட்டில் டீக்கு நிற்கிறது. திண்டிவனத்தில் என் மனைவி மசக்கையில் படுத்திருக்கிறாள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பிறந்த ஊர்ப் பெண்ணையாற்றின் கெண்டை மட்டும் வேண்டுமாம். விழுப்புரத்திலேயே வாங்க மறந்த புத்திசாலி நான்.

ரோட்டோரம் ஒரு அக்கா இரண்டு அலுமினிய அன்னக்கூடையில் மீன் விற்கிறார். வாந்தி எடுக்கும் மனைவிக்குப் பெண்ணையாற்றுக் கெண்டை வேண்டும் என்று சொல்லி, கொழுத்ததாகப் பார்த்து எடுக்கிறேன்.

"அது வீடூர் டேம் மீனு தம்பி. ஓடாத தண்ணில தின்னுக்கினு கெடக்குது, உன்ன மாதிரி."

பக்கத்தில் டீ குடிக்கும் கண்டக்டருக்குப் புரையேறுகிறது.

"இந்தக் கூடையில இருக்கறதுதான் பெண்ணையாத்து மீனு. தண்ணிய எதுத்து நீந்திக்கினே இருக்கும். அதான் ஒல்லியா, நீட்டமா இருக்குது."

"கொழுத்தது அவளுக்குத் தெம்பு இல்லியாக்கா?"

"வாந்தி எடுக்கறவளுக்குக் கொழுப்பு மீனா? கொமட்டும்யா."

ஒல்லி மீனாக நாலு பொறுக்கி அரிவாள்மனையை இழுக்கிறார்.

"வெட்டாதீங்கக்கா. முழுசாப் பாத்தாதான் நம்புவா. போன வாரம் ஏரி மீனப் பெண்ணையாத்து மீனுன்னு குடுத்தேன். மீனோட ஒடம்பப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கினா."

அக்கா என்னையே பார்க்கிறார். பிறகு ஈரத்துணியில் மீன்களை நீட்டமாக, வளையாமல் சுற்றுகிறார்.

"கல்யாணத்தப்ப நானும் ஆத்து மீனு மாதிரிதான்க்கா இருந்தேன். இப்ப அவ மட்டும் தண்ணிய எதுத்து நீந்தறா, நான் கரையில நின்னுக்கினு..."

"யோவ் டேம் மீனு, ஜல்தி ஏறுய்யா. வூட்ல அந்தப் பொண்ணு பசியோட கெடக்குது," என்கிறார் கண்டக்டர்.